கல்லடி மாலை வகுப்பு: விசில் இல்லாத ட்ரில்

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடை தொடங்கி அடுத்த வீட்டுப் பிள்ளை கயிறு அடிப்பது வரை எதிலும் பிழை பிடிக்கிற ஆள். அதை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு பெண்கள் அமைப்பு, யுத்தத்திலும் சுனாமியிலும் இடம்பெயர்ந்து அடிபட்ட பெண்களுக்காகக் கிழமைக்கு இரண்டு பின்னேரம் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறது. ஒரு தடவைக்கு முக்கால் மணித்தியாலம். காசு இல்லை. நான் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். 1990 இல் மன்னார்க் கரையால் வள்ளமேறி இராமேஸ்வரம் போனவர், மண்டபம் அகதி முகாமிலும் பிறகு வேறு முகாம்களிலும் இருந்துவிட்டு, சண்டை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். நித்திரை சரியில்லை. பின்னால் யாராவது நடந்து வந்தால் நின்று, அவர்களை முன்னால் போகவிட்டுத்தான் நடப்பார். கிளினிக் மருந்து எடுக்கிறார்.

முதலில் என் கண்ணில் பட்டது, ரீச்சரின் கழுத்தில் விசில் இல்லை. வரிசையும் இல்லை. எல்லோரும் வட்டமாக நிற்கிறார்கள், கதிரைகள் சுவரோடு சாய்த்துப் போட்டிருக்கின்றன, வாசல் கதவு கடைசி வரை திறந்தே கிடக்கிறது. என் பள்ளிக்கூடத்தில் இப்படி நடத்தியிருந்தால் அதிபர் கூப்பிட்டுக் கேட்டிருப்பார். ஆனால் இங்கே வருகிறவர்கள் யார்? யுத்த காலத்துச் சுற்றிவளைப்பில் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, ஆட்களைத் தலையாட்டிக் காட்டிக்கொடுக்கிற, சாக்கு மூடின ‘தலையாட்டி’ முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டது இந்த ஊரில் நடந்த விஷயம். முகாமில் செக்கிங் என்றாலும் வரிசைதான். அப்படிப்பட்டவர்களிடம் ‘இரு கையும் மேலே’ என்று கத்தினால் அவர்கள் தோள்பட்டைக்கு என்ன நன்மை? இந்த ரீச்சர் “விருப்பமெண்டா ஒரு கைய உயர்த்திப் பாருங்க” என்கிறார். தொட்டுத் திருத்துவதென்றால் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார். கண்ணை மூடச் சொல்வதில்லை, மல்லாந்து படுக்கச் சொல்வதும் இல்லை.

இன்னொன்று, நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் பார்க்காதது. நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குவது, வியர்வை, இதெல்லாம் பயத்திலும் வரும், வேகமாக நடந்தாலும் வரும். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் ஓரிடத்தில் நின்று கால் தூக்கும் பயிற்சிக்கு முன்னமே ரீச்சர் சொல்லிவிடுகிறார்: “இப்ப நெஞ்சு அடிக்கும். இருந்து பாருங்க, மறுகா இறங்கும்.” பிறகு எல்லோரும் கதிரையில் இருந்து, மணிக்கட்டில் விரல் வைத்து, நாடி குறைவதைத் தாங்களே பார்க்கிறார்கள். சின்னம்மா இதை வீட்டிலும் செய்கிறார். இரவில் திடுக்கிட்டு எழும்பினால் கை தன்பாட்டில் மணிக்கட்டுக்குப் போகிறதாம். “அது இறங்கும் புள்ள, நான் பாத்துக்கொண்டிருப்பன்” என்றார். நித்திரை முழுதாகத் திரும்பிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியில் கும்மி. மிதமான உழைப்புக்கு ஒரு எளிய அளவு உண்டு: பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. கும்மியோ பாடிக்கொண்டே அடிப்பது! அதற்கு ரீச்சர் கண்டுபிடித்த வழி, ஒருவர் நடுவில் இருந்து பாட, மற்றவர்கள் கை தட்டிச் சுற்றுவது. சரியான கெட்டித்தனம். பாட்டுக்காரி வேலை எப்போதும் முழங்கால் நோக்காட்டுக்காரிக்குத்தான்.

குறைகளுக்கு வருவோம். வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். இங்கே கிடைப்பது 90 நிமிடம். மிச்சத்துக்கு வீட்டில் என்ன செய்வது என்று ஒரு துண்டுத்தாளாவது கொடுக்கலாம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி அவசியம், அது மருந்துக்கும் இல்லை. வைகாசியில் பக்கத்துக் கோயிலில் வெடி போட்டபோது ஜன்னல்களைச் சாத்தினார்கள். புழுக்கம் கூடியது, சத்தம் குறையவில்லை, இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். திருவிழா நாட்கள் முன்னமே தெரிந்தவைதானே, அன்றைக்குக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நடக்கவிட்டால் என்ன? சுனாமி அள்ளிய நாவலடியிலிருந்து வந்து, கடலைப் பார்க்க மாட்டேன் என்கிறவர்களுக்கு வாவிக்கரை இருக்கிறது.

வகுப்பு நடக்கிற மண்டபச் சுவரில் ‘உடற்பயிற்சியே மருந்து’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கழற்றவேண்டும். டென்மார்க்கில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தவர்களில் 338 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020 இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு கிழமைக்கு ஒரு மணித்தியாலம் உடற்பயிற்சியும் சேர்த்தவர்களுக்கும், சிகிச்சை மட்டும் எடுத்தவர்களுக்கும் மனவடு அறிகுறிகளில் சொல்லத்தக்க வித்தியாசம் வரவில்லை. 2015 இல் ஆஸ்திரேலியாவில் 81 மனவடு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், சிகிச்சையோடு சேர்த்து, இதைவிடக் கூடிய அளவில் பயிற்சி எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் அவர்கள் அகதிகள் அல்ல, ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தவர்கள். இரண்டிலும் பயிற்சி சிகிச்சையோடு சேர்த்துத்தான், அதற்குப் பதிலாக அல்ல. சுவரில் ஒட்டின அந்தத் தாளைப் பார்த்து ஒரு அக்கா குளிசையை விட்டுவிடப் பார்த்தார். நல்ல காலம், ரீச்சரிடம் சொன்னதால் தடுத்துவிட்டார். அந்த இடத்தில் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை எழுதி ஒட்டுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

போகிறவர்களுக்கு: சேலையோடு போகலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் கும்மிக்குச் சல்வார்தான் வசதி. தண்ணீர் கொண்டுபோங்கள், முடிந்த பிறகு தரும் பிளேன்ரீயில் சீனி அள்ளிப் போட்டிருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்கையில் வெள்ளம் நிற்பதால், வகுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஆண்களுக்கு வகுப்பு இல்லை. சித்தப்பா கேற்றடியில் வேப்பமரத்துக்குக் கீழே, மற்றப் பெண்களைக் கூட்டி வந்த ஆண்களோடு குந்தியிருப்பார். அவர்களுக்கும் ஒன்று தொடங்கினால் ஆள் தேடி அலையத் தேவையில்லை, எல்லோரும் கேற்றடியிலேயே இருக்கிறார்கள்.