தீசிஸ் ரிவ்யூவை வெளியில் எழுதக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

மகப்பேறு எம்.எஸ். கடைசி வருஷம் படிக்கிறேன். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்தை ஊசியில் ஏற்றுவது பற்றித்தான் என் தீசிஸ். கேஸ் எடுத்தது, ஹீமோகுளோபின் குறித்தது, அட்டவணை போட்டது எல்லாம் நானே. லேபர் வார்டு டியூட்டிக்கு நடுவில் லிட்டரேச்சர் ரிவ்யூவுக்கு, அதாவது ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் பகுதிக்கு மட்டும் உட்கார முடியவில்லை. ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு எண்ணுக்குப் பேசினேன். "பப்மெட்ல ஒவ்வொண்ணா தேடி எங்க டீமே எழுதுவாங்க மேடம்" என்றார். பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம். 18,000 ரூபாய், பாதி முன்பணம். கொடுத்தது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

நாலாவது நாளே 62 ரெஃபரன்ஸோடு ஃபைல் வந்துவிட்டது. காப்பி சோதனையில் 4 சதவீதம்தான் காட்டியது, அதைப் பார்த்து நிம்மதியாகிவிட்டேன். அந்தச் சோதனை வேறு எங்கிருந்தாவது எடுத்து ஒட்டியிருக்கிறதா என்றுதான் பார்க்கும், எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்காது. புதிதாகப் புனைந்த பொய் அதில் சுலபமாகத் தப்பிவிடும்.

என் கைடு மேடம் படித்துவிட்டு, "அந்தப் பதினேழாவது பேப்பரை எடுத்துட்டு வாம்மா, டோஸ் புதுசா இருக்கு, நானும் படிக்கணும்" என்றார். தலைப்பைப் பப்மெட்டில் போட்டேன், இல்லை. கொடுத்திருந்த பிஎம்ஐடி எண்ணை (பப்மெட்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள எண்) அடித்தேன், எலியின் சிறுநீரகம் பற்றிய கட்டுரை திறந்தது. ஆசிரியர் நிஜமானவர், இதழும் நிஜம், வருஷம்கூடப் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை! கை நடுங்கிவிட்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து 62-ஐயும் பார்த்தேன். 23 எங்குமே இல்லை. 11 இருக்கின்றன, ஆனால் ரிவ்யூவில் எழுதியிருப்பதை அவை சொல்லவில்லை.

எழுதிக் கொடுத்த ஆளிடம் கேட்டதற்கு அவர் மறுக்கவில்லை, "ஏஐ-ல போட்டது மேடம், வேற லிஸ்ட் தர்றேன்" என்று இருபதே நிமிஷத்தில் அனுப்பினார். அதிலும் 9 பொய். அப்புறம் பிளாக் செய்துவிட்டார்.

சாட்ஜிபிடி போன்ற இந்த ஏஐ செயலிகள் அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுபவை. தேடச் சொல்லாவிட்டால் ரெஃபரன்ஸையும் அப்படியேதான் கோர்த்துத் தரும். 2023-இல் க்யூரியஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில், சாட்ஜிபிடி எழுதிய 30 மருத்துவக் கட்டுரைகளின் 115 ரெஃபரன்ஸ்களைச் சரிபார்த்தார்கள்: 47 சதவீதம் புனைந்தவை, 46 சதவீதம் இருந்தும் விவரம் தவறு, முழுக்கச் சரி 7 சதவீதம்தான். இப்போது இணையத்தில் தேடித் தருகிறவை வந்துவிட்டன, அவற்றில் பேப்பர் பெரும்பாலும் நிஜமாக இருக்கும், அதனாலேயே உள்ளே படிக்காமல் நம்பிவிடுகிறோம்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த டோஸ்தான். என் தீசிஸைப் பார்த்து அடுத்த வருஷம் ஒரு ஜூனியர் அந்த டோஸை ஒரு கர்ப்பிணிக்குப் போட்டிருந்தால்?

யாரிடம் வாங்கியிருந்தாலும் சரி, தலைப்பைப் பப்மெட்டில் போட்டுப் பாருங்கள், டிஓஐ-யை (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாள எண்) திறந்து பாருங்கள், அப்ஸ்ட்ராக்டையாவது (கட்டுரைச் சுருக்கம்) நீங்களே படியுங்கள். நான் ரிவ்யூவை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை 38 பேப்பர், ஒவ்வொன்றின் பிடிஎஃப்பும் என்னிடம் இருக்கிறது. கைடு மேடம் ஒரு மாசம் தந்திருக்கிறார்.

அந்த எண் இன்னும் பி.ஜி. குரூப்களில் சுற்றுகிறது. உங்களுக்கு வந்ததும் அதுதானா என்று பார்க்க வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.