‘அகாடமிக் கோஆர்டினேட்டர்’ எடுக்கப் போகும் தாளாளர்கள் கவனத்துக்கு

தனியார் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் அங்கே வேலை பார்க்கும் மிஸ்களுக்கும் இதை எழுதுகிறேன். ஏப்ரல், மே வந்தால் கன்சல்டன்சிகளிடமிருந்து போன் மேல் போன் வரும். “டீச்சர்ஸுக்கு டிரெய்னிங் கொடுத்து, கிளாஸ் எல்லாம் மேற்பார்வை பார்க்க நல்ல எக்ஸ்பீரியன்ஸ் உள்ள சார் ஒருத்தர் இருக்கார் மேடம், நாமக்கல்ல இருந்தவர்” என்று ஆரம்பிப்பார்கள். அப்படி வந்த ஒருவரால் எங்கள் பள்ளி பட்ட பாடுதான் இது. காவல் நிலையத்தில் புகார் இருப்பதால் பெயர் எதுவும் போடவில்லை. ஆள் எப்படி வேலை செய்தார் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். நாளைக்கு உங்கள் ஊருக்கு வேறு பெயரில் வேறொருவர் வரலாம்.

எங்களுடையது டெல்டாவில் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி. மாமனார் ஆரம்பித்தது, இப்போது தாளாளர் நான். முதல்வர் அம்மா நன்றாகப் பாடம் நடத்தக்கூடியவர்தான். ஆனால் பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ், யூடைஸ் என்ற அரசுத் தளங்களில் பதிவு, அங்கீகாரம் புதுப்பிக்கக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலைவதிலேயே அவர் பொழுது போய்விடுகிறது. வகுப்புக்குள் போய்ப் பார்க்க ஆள் இல்லை. வருகிற மிஸ்களில் பாதிப் பேர் அப்போதுதான் பி.எட். முடித்தவர்கள், கூட நின்று சொல்லிக்கொடுக்க ஒருவர் தேவைப்பட்டது. அதற்காகத்தான் இந்தப் பதவியே.

சம்பளம் 35 ஆயிரம் என்று பேசினோம். கன்சல்டன்சிக்கு ஒரு மாதச் சம்பளம் கமிஷன். மூன்று மாதத்துக்குள் ஆள் சரிப்படவில்லை என்றால் வேறு ஆள் தருவார்களாம். பில் கேட்டதற்கு “அப்புறம் அனுப்பறோம் மேடம்” என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இலவச இடங்களுக்காக அரசு தர வேண்டிய ஆர்டிஇ பணம் எந்த வருடம் கைக்கு வரும் என்று தெரியாத பள்ளிக்கு 35 ஆயிரம் எவ்வளவு பெரிய தொகை என்பது பள்ளி நடத்துகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் மிஸ்கள் பலர் வாங்குவது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பொதுத்தேர்வு ரேங்குக்குப் பேர்போன பள்ளிகளால் ‘நாமக்கல்’ என்ற பெயருக்கு இன்னும் மவுசு இருக்கிறது. பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. இருந்தாலும் அந்த ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்தவர் என்றால் பெற்றோர் மத்தியில் ஒரு மரியாதை. அது கன்சல்டன்சிக்காரர்களுக்கும் தெரியும்.

வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். ஜூன் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மிஸ்ஸுக்கும் ஒரு ஃபைல் போட்டார். லெசன் பிளானுக்கு ஒரு நிறம், கிளாஸ் அப்சர்வேஷனுக்கு ஒரு நிறம், நோட்டு கரெக்‌ஷனுக்கு இன்னொன்று. மாதக் கடைசியில் என் மேஜைக்கு ரிப்போர்ட் வந்துவிடும். குரல் ஏற்ற இறக்கத்துக்கு பத்துக்கு ஆறு, போர்டு வேலைக்கு ஏழு, வகுப்புக் கட்டுப்பாட்டுக்கு ஐந்து என்று மார்க் போட்டு, கீழே இரண்டு வரி குறிப்பும் இருக்கும். படித்தால், பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும்.

முதலில் சந்தேகப்பட்டது எங்கள் ஆயாம்மாதான். ஏதோ பேச்சுவாக்கில், “அந்த சாரு மாடிப்பக்கம் வர்றதே இல்லைம்மா, கீழ ஆபீஸ்லயேதான் லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு” என்றார். ஆறு முதல் பத்து வரை எல்லா வகுப்பும் மாடியில்தான் இருக்கிறது.

பிறகு நவம்பர் ரிப்போர்ட் வந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு மிஸ் பற்றி, ‘கரும்பலகையைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, மாணவர்கள் கவனிக்கவில்லை’ என்று எழுதி, பத்துக்கு நான்கு போட்டிருந்தார். அந்தத் தாளைக் காட்டித்தான் மிஸ்ஸுக்கு இன்க்ரிமென்ட் நிறுத்தப்பட்டது. அந்தப் பெண் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, தேதியில் விரலை வைத்தார். “மேடம், அன்னைக்கு மழைன்னு கலெக்டர் லீவு விட்டாங்களே. நீங்கதான் காலைல ஆறு மணிக்கு குரூப்ல மெசேஜ் போட்டீங்க.” போனை எடுத்துப் பார்த்தேன், மெசேஜ் அப்படியே இருந்தது.

பழைய ஃபைல்களை எல்லாம் எடுத்து முதல்வர் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். ‘குரலில் ஏற்ற இறக்கம் தேவை’ என்ற ஒரே வரி, எழுத்துக்கூட மாறாமல், எல்.கே.ஜி. மிஸ்ஸுக்கும் பத்தாம் வகுப்பு அறிவியல் மிஸ்ஸுக்கும் இருந்தது. மகப்பேறு விடுப்பில் இருந்தவருக்கும் ஒரு அப்சர்வேஷன் இருந்தது, அதுவும் நல்ல மார்க்கோடு!

பயிற்சி விஷயம் இதைவிட மோசம். ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் ஃபோனிக்ஸ் டிரெய்னிங் என்று ஏற்பாடு செய்தார். என்னிடம் சொன்னது: “என் ஃப்ரெண்டு மேடம், ஃப்ரீயா பண்ணிக் கொடுக்கறார், டீ செலவு மட்டும் நம்ம பார்த்துக்கலாம்.” மிஸ்களிடம் சொன்னதோ வேறு: “மேனேஜ்மென்ட் ஆர்டர். ஆளுக்கு 4,500 ரூபாய். சர்டிஃபிகேட் இல்லாதவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை.” பணம் போனது பள்ளிக் கணக்குக்கு அல்ல, ஏதோ ஒரு பெண் பெயரில் உள்ள ஜிபே எண்ணுக்கு. 12 ஆயிரம் வாங்குகிற பெண் 4,500 கட்ட என்ன செய்வாள்? ஒருவர் மோதிரத்தை அடகு வைத்திருக்கிறார். அது எனக்கு டிசம்பரில்தான் தெரியும். பயிற்சி என்பது புரொஜெக்டரில் யூடியூப் வீடியோ ஓடவிட்டது மட்டும்தான். கொடுத்த சர்டிஃபிகேட்டில் தங்க நிற முத்திரை, ‘இன்டர்நேஷனல்’ என்று பெரிய எழுத்து. ஃபோனிக்ஸ் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எஃப் போட்டு ஆரம்பித்திருந்தார்கள். சத்தத்தை வைத்து எழுதக் கற்றுக்கொடுக்கும் பாடம்தானே, சரிதான் போல!

மிஸ்கள் ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். “எதுவா இருந்தாலும் என் மூலமாத்தான் போகணும், நேரா மேடம்கிட்ட போனா டிசிப்ளின் ஆக்‌ஷன்” என்று முதல் மீட்டிங்கிலேயே சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்து, “சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நீங்க தலையிடாதீங்க மேடம், உங்க மரியாதை குறையும்” என்பார். நடுவில் நின்றுகொண்டு மேலே ஒன்று, கீழே ஒன்று சொல்வதுதான் இவருடைய மொத்த வித்தை. பொய் ரிப்போர்ட், பயிற்சிப் பணம் இரண்டுமே அந்த ஒரு சந்துக்குள்தான் நடந்தன.

புத்தகத்திலும் கை வைத்தார். மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை சமச்சீர்ப் புத்தகம்தான் என்பதால், கமிஷன் பார்க்க இடம் இருப்பது பொது அறிவு, கம்ப்யூட்டர், கையெழுத்து, நன்னெறி போன்ற கூடுதல் புத்தகங்களில்தான். அடுத்த வருடத்துக்கு ஒரே பதிப்பகத்தின் பட்டியலை நீட்டினார். விற்பனைப் பிரதிநிதி என்னைப் பார்க்க வந்தபோது, “சார்கிட்ட எல்லாம் பேசியாச்சு மேடம், சைன் மட்டும் போதும்” என்றார். சைன் போடவில்லை.

அரையாண்டு விடுமுறையில் ஆள் காணாமல் போனார். இரண்டு நல்ல மிஸ்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார், பக்கத்து மாவட்டத்தில் ஒரு புதுப் பள்ளிக்கு. அங்கேயும் அதே கன்சல்டன்சிதான் ஆள் பிடித்துக் கொடுத்தது என்று பிறகு தெரிந்தது. போன் செய்து கேட்டால், “மூணு மாசம் தாண்டிடுச்சே மேடம், நாங்க என்ன பண்ண முடியும்” என்கிறார்கள். அவருடைய பீரோவைத் திறந்தபோது இன்னொரு அதிர்ச்சி. புதிதாகச் சேர்ந்த மிஸ்களின் அசல் சான்றிதழ்கள் ஒரு கட்டாக உள்ளே இருந்தன. ‘மேனேஜ்மென்ட் கேட்கிறது’ என்று வாங்கி வைத்திருக்கிறார். நாங்கள் அசல் வாங்குவதே இல்லை. பார்த்துவிட்டு நகல் எடுத்துக்கொண்டு கையிலேயே கொடுத்துவிடுவோம். மிஸ்களே, யார் கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள்.

இவருடைய ஆவணங்களை வரிவரியாகப் படித்தோம். பி.எட். 2016–18, ரெகுலர் என்று இருந்தது. பி.எட். இரண்டு வருடப் படிப்பாக மாறியது 2015இல் சேர்ந்தவர்களிலிருந்து என்பதால் அது பொருந்துகிறது. ஆனால் அனுபவச் சான்றில் 2014 முதல் 2019 வரை இடைவெளி இல்லாமல் முழுநேர ஒருங்கிணைப்பாளர். காலையில் கல்லூரியில் வருகைப் பதிவு, அதே காலையில் வேறு ஊர்ப் பள்ளியில் மேற்பார்வை! அந்தச் சான்றின் தலைப்பில், ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் யூடைஸ் எண் பத்து இலக்கத்தில் இருந்தது. யூடைஸ் எண் 11 இலக்கம்; தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும். யூடைஸ் பிளஸ் தளத்தில் எண்ணைப் போட்டால் எந்தப் பள்ளி என்று யாரும் பார்க்கலாம். சான்றில் இருந்த போன் எண்ணை எடுத்தவர், “ஆமா, ரொம்ப நல்ல மனுஷர்” என்று ஒப்பித்தார். பள்ளி எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

பி.எஃப்.புக்கு, வேலை மாறினாலும் மாறாத யுஏஎன் எண்ணைக் கேட்டபோது, “பழைய பள்ளிகள்ல பிடிக்கல” என்று எங்கள் கிளார்க்கிடம் சொல்லியிருக்கிறார். பி.எஃப். இல்லை என்பதே குற்றமல்ல. 15 ஆயிரத்துக்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாக வேலைக்குச் சேருகிறவருக்கு விலக்கு உண்டு. ஆனால் 20 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் பள்ளிகள் பி.எஃப். கட்டியாக வேண்டும். பத்து வருடம், மூன்று பெரிய பள்ளிகள், ஒரு யுஏஎன்கூட இல்லை என்றால் எப்படி? வேலையில் நுழைந்த முதல் நாளே 35 ஆயிரமா வாங்கினார்? யுஏஎன் இருந்தால், உங்கள் எதிரிலேயே அவருடைய போனில் பி.எஃப். தளத்தைத் திறந்து சர்வீஸ் ஹிஸ்டரியைக் காட்டச் சொல்லுங்கள். எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்று வந்துவிடும். இல்லாவிட்டால் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட். இரண்டும் இல்லை என்கிறவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திடம் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எழுதலாம். கட்டணம் உண்டு, நாளும் ஆகும், ஆனால் ஏப்ரலில் எழுதினால் ஜூனுக்குள் வர வாய்ப்பிருக்கிறது. கன்சல்டன்சி “நாங்க எல்லாம் வெரிஃபை பண்ணிட்டோம்” என்று சொன்னால், எதை, எப்படி, யாரிடம் என்று கேட்டுக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கமிஷனைக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும், ஜிஎஸ்டி எண்ணோடு பில் வந்த பிறகு. வேறு ஆள் தரும் உத்தரவாதத்தை மூன்று மாதத்தோடு விடாமல் அரையாண்டுத் தேர்வு வரை கேளுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்களே அதிகம், அதுவே உங்களுக்கு ஒரு தகவல்.

நேர்காணலில் ஆசிரியரைத்தான் டெமோ எடுக்கச் சொல்கிறோம். மேற்பார்வைக்கு வருகிறவரையும் சும்மா பேசவிடக் கூடாது. இப்போது நாங்கள் செய்வது இதுதான்: முதல்வரோடு அவரை ஒரு வகுப்பின் பின் பெஞ்சில் ஒரு பீரியட் முழுக்க உட்காரவைத்து, வெளியே வந்ததும் அந்த மிஸ்ஸிடம் நேராகப் பேசச் சொல்கிறோம். பார்த்ததைச் சொல்கிறாரா, பொதுவாக அளக்கிறாரா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. போன மாதம் வந்த ஒருவர், “மூணாவது பெஞ்ச் பையன் ரெண்டாவது கணக்கிலேயே நின்னுட்டான், நீங்க ஆறாவதுக்குப் போய்ட்டீங்க” என்றார். மிஸ்ஸே ஆமாம் என்று தலையாட்டினார். அவரைத்தான் எடுத்திருக்கிறோம்.

அப்சர்வேஷன் தாளில் மிஸ்ஸின் கையெழுத்து அன்றைக்கே இருந்தால்தான் செல்லும். புத்தகம், பயிற்சி, பணம் மூன்றும் கோஆர்டினேட்டர் கையில் இல்லை. மாதம் ஒருமுறை அவர் இல்லாமல் மிஸ்களோடு நான் மட்டும் உட்காருகிறேன். முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை டீ வரும்வரைதான் அமைதி.

கணக்கு மிஸ்ஸுக்கு இன்க்ரிமென்ட்டை அரியரோடு கொடுத்துவிட்டோம். பயிற்சிப் பணத்துக்கு, கட்டிய மிஸ்கள் எல்லோரும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டோடு சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறார்கள்; போலிச் சான்றுக்குப் பள்ளி தனியாகக் கொடுத்திருக்கிறது. இப்போதைக்குக் கையில் இருப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீது மட்டும்தான். பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவு. எஃப்ஐஆர் போடச் சொல்லி எஸ்.பி. அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறோம். டெல்டாவிலோ பக்கத்து மாவட்டங்களிலோ இதே மாதிரி ‘மேனேஜ்மென்ட் ஆர்டர்’ என்று பயிற்சிக்குப் பணம் கட்டிய மிஸ்கள் இருந்தால், முதலில் உங்கள் தாளாளரிடம் நேராகப் போய், அப்படி ஓர் ஆர்டர் உண்டா என்று கேளுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அழித்துவிடாதீர்கள்.