வீட்டுத் தோட்டத்தில் கெமோமில்: பல பருவங்கள் பழகிய பிறகு

உலர்ந்த பூவைத் தேநீராகக் குடிக்கும் சாமந்தி வகைச் செடியான கெமோமிலை வளர்க்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வளர்ப்பது சுலபம், பறிப்பதுதான் வேலை. பல பருவங்களாக விதைத்து, பறித்து, உலர்த்திக் குடித்துவருகிறேன். கோப்பையில் மணம் நிற்பதும் நிற்காததும் எப்போது பறித்தோம், எப்படி உலர்த்தினோம் என்பதைப் பொறுத்துத்தான்.

விதை வாங்கும்போதே எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். ஜெர்மன் கெமோமில் ஒரே பருவத்தில் இரண்டடி வரை வளர்ந்து, பூத்து, காய்ந்துவிடும். ரோமன் கெமோமில் தரையோடு படர்ந்து பல ஆண்டுகள் இருக்கும். தேநீருக்கு நான் ஜெர்மன் வகையைத்தான் வைத்துக்கொள்கிறேன். பூ அதிகம், கசப்பு குறைவு. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் ஒரு பூவை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நடுவிலிருக்கும் மஞ்சள் குமிழ் உள்ளே காலியாக இருந்தால் ஜெர்மன், கெட்டியாக இருந்தால் ரோமன்.

விதை ரொம்பப் பொடி. ஒரு சிட்டிகையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், அதனால் மேலே மண் போட்டு மூடக் கூடாது. கொஞ்சம் மணலோடு கலந்து ஈரமண்ணில் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். தண்ணீரைத் தெளிப்பானில் மட்டும் விடுங்கள். ஊற்றினால் விதை எல்லாம் ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்ததும் நெருக்கமாக இருப்பதைப் பிடுங்கி ஒரு சாண் இடைவெளிக்குக் கலைத்துவிட வேண்டும். எட்டுப் பத்து வாரத்தில் பூக்கத் தொடங்கும்.

இது குளிர்ந்த பருவத்துச் செடி. வெயில் ஏறினால் அவசரமாகப் பூத்து ஓய்ந்துவிடும். கோடை கடுமையான இடங்களில் வெப்பம் தணியும்போதும், பனி உறையும் இடங்களில் பனி விடும் சமயத்திலும் விதைப்பது சரியாக வரும். உரத்தை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் செழிக்கும், பூ குறையும். இளந்தண்டில் அசுவினிப் பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

இனி பறிப்பு. மொட்டு விரிந்த புதிதில் வெள்ளை இதழ்கள் மேல்நோக்கி நிற்கும். பிறகு தட்டையாகப் படுக்கும். அதற்கப்புறம் கீழே மடங்கித் தொங்கும். தட்டையாக இருக்கிற அந்த ஓரிரு நாள்தான் பறிக்கிற நேரம். இதழ் தொங்கிவிட்ட பூவில் மணம் குறையத் தொடங்கியிருக்கும், உலர்த்தினால் நடுக்குமிழும் உதிர்ந்து தூளாகும். காலையில் பனி ஈரம் காய்ந்ததும், வெயில் உறைப்பதற்குள் போவேன். உள்ளங்கையை மேல்பார்த்து விரித்து, பூக்களுக்குக் கீழே விரல்களைச் சீப்பு மாதிரி கொடுத்து மெல்ல மேலே இழுத்தால் தலை மட்டும் கழன்று கையில் வந்துவிடும். பறிக்கப் பறிக்கத்தான் புதுப் பூ வரும். ஒரு வாரம் விட்டுவிட்டால் செடி விதை கட்டப் போய்விடும், பூப்பது குறைந்துவிடும்.

உலர்த்துவது நிழலில்தான், காற்றோட்டமான இடத்தில், ஒரே அடுக்காகப் பரப்பி. இதழைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது முதலில் காய்ந்துவிடும். குமிழை விரலால் நசுக்கினால் பொடியாக வேண்டும். அமுங்கினால் உள்ளே ஈரம் இருக்கிறது, புட்டியில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். உலர்ந்ததும் எடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒன்றிரண்டு செடியை நம்பினால் சில கோப்பைக்குத்தான் வரும். தொடர்ந்து குடிக்க ஒரு சின்னப் பாத்தி முழுக்க வேண்டும். கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வைத்தால் அடுத்த பருவம் வரை மணம் தாங்கும்.

ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி பூ, கொதித்த தண்ணீர், ஐந்திலிருந்து பத்து நிமிடம். கட்டாயம் மூடி வையுங்கள். மணம் தரும் எண்ணெய் ஆவியோடு போகக்கூடியது. பூவை நீராவியில் வடித்து எண்ணெய் எடுப்பதும் அதனால்தான். அந்த எண்ணெய் நல்ல நீலமாக வரும். பூவில் இல்லாத அந்த நிறம், மெட்ரிசின் என்ற பொருள் சூட்டில் கமாசுலீன் என்ற நீலப் பொருளாக மாறுவதால் வருவது. எனக்கு இது இந்தச் செடியின் பெரிய அதிசயம்.

பலன்? இரவில் குடித்தால் உடம்பு தளர்ந்து மனம் அமைதியாகிறது, வயிறு லேசாக இருக்கிறது. தூக்க மருந்துக்கு ஈடாக இதை நினைக்க வேண்டாம். தூக்கமின்மை பற்றிய ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. சாமந்தி வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கண் கழுவவும் வேண்டாம், ஒவ்வாமையால் கண் வீங்கியவர்கள் உண்டு.

தினம் பத்து நிமிடம் பறிக்க முடிந்தவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். முழுப் பூவாக, அந்தப் பருவத்திலேயே உலர்த்தியதைக் குடித்த பிறகு கடையில் தேநீர்ப் பையில் வரும் தூளில் எனக்கு ருசி தெரிவதில்லை. பருவம் முடியும்போது கடைசிப் பூக்கள் சிலவற்றைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். விதை தானே உதிர்ந்து அடுத்த முறை பாத்தியில் முளைத்து நிற்கும், கலைத்துவிடும் வேலை மட்டும்தான் மிச்சம்.