யார் பேசுவது? பிலிப் ராத்தின் ‘டிசெப்ஷன்’

குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி துணை நிற்கும். தலைவி தோழிக்குச் சொன்னது, பரத்தை தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி சொன்னது என்று. அந்த வரியை எடுத்துவிட்டால் பல பாட்டுகளில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று திணறிப்போவோம். அமெரிக்க எழுத்தாளர் பிலிப் ராத் 1990இல் வெளியிட்ட ‘டிசெப்ஷன்’ (ஏமாற்று), அந்த வரியை வேண்டுமென்றே கிழித்தெறிந்துவிட்டு எழுதிய நாவல்.

ஏறத்தாழ 200 பக்கம். ‘என்றான்’, ‘என்றாள்’ கிடையாது. முக வர்ணனை, ‘மறுநாள் காலை’ போன்ற இணைப்பு, ஒன்றுமில்லை. மேற்கோள் குறி திறக்கிறது, மூடுகிறது, கொஞ்சம் வெற்றிடம், அடுத்த பேச்சு. லண்டனில் தங்கியிருக்கும் நடுவயது அமெரிக்க எழுத்தாளன், பெயர் பிலிப். அவன் எழுதும் அறைக்கு வந்துபோகும் ஓர் ஆங்கிலேயப் பெண். இருவருக்கும் தனித்தனிக் குடும்பம். அவளுக்குச் சின்னக் குழந்தையும் கசந்துபோன மணவாழ்வும். படுக்கைக் காட்சியை எதிர்பார்த்து வாங்குகிறவருக்குப் பணம் தண்டம். கூடலுக்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சு மட்டுமே இங்கே உண்டு.

தொடக்கமே ஒரு விளையாட்டு. சேர்ந்து ஓடிப்போவதாகக் கனவு காணும் காதலர்களுக்கென்று ஒரு கேள்வித்தாளை இருவரும் தயாரிக்கிறார்கள். இந்த முதல் சில பக்கங்களைப் பொறுமையாகப் படிப்பது நல்லது. அவன் எப்படிக் கேட்பான், அவள் எப்படி வழுக்கிப் போவாள் என்பது இங்கேயே பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் பின்னால் கஷ்டம்.

கஷ்டம் எங்கே வரும் என்றால், ஒற்றைச் சொல் பதில்கள் அடுக்கடுக்காக ஓடும் இடங்களில். ஒரு வரியைத் தவறவிட்டால் அடுத்தடுத்த வரிகள் எல்லாம் வாய் மாறிவிடும்; அவள் அழுததை அவன் அழுததாகப் படித்துக்கொண்டு போவோம். வழி எளிது. இடையில் வரும் நீளமான பேச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கணவன், குழந்தை என்று வந்தால் அது அவள். அங்கிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னோக்கி எண்ணினால் ஆள் கிடைத்துவிடும். ‘அப்புறம்?’ ‘நீ என்ன சொன்னாய்?’ என்கிற பாணிக் குறுக்குக் கேள்விகள் பெரும்பாலும் அவனுடையவை. துருவிக் கேட்பதுதான் அவனுடைய காமம் என்றே சொல்லலாம். பென்சிலோடு உட்காருவது குற்றமில்லை. வாய்விட்டுப் படித்தால் இன்னும் சுலபம்: அடக்கி வாசிக்கும் ஆங்கிலேயக் கிண்டல் ஒரு பக்கம், நியூஜெர்சிக்காரனின் அவசரம் இன்னொரு பக்கம்.

இந்த மறைப்பு ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் இவ்வளவு எளிதாக நடக்காது. ‘யூ’ என்ற ஒரே சொல்லுக்குள் காதலியும் மனைவியும் அரசு வக்கீலும் அடங்கிவிடுகிறார்கள். தமிழில் முதல் வரியிலேயே நீயா நீங்களா என்று முடிவு செய்தாக வேண்டும். செய்த உடனே உறவு வெளிச்சமாகிவிடும். நம் தன்மை வினை பால் காட்டாது, ‘வந்தேன்’ என்பது ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம், அதுவரை சௌகரியம். ஆனால் பேச்சுத் தமிழில் நாலு வரி எழுதினால் ஊர் தெரிந்துவிடும், பல நேரம் சாதியும் சேர்ந்து தெரிந்துவிடும். இதை மொழிபெயர்க்க நினைப்பவர் முதலில் முட்டப்போவது பாலியல் சொற்களில் அல்ல, இந்த ‘யூ’வில்தான்.

காதலி மட்டும் பேசுவதில்லை. நாடு விட்டு வந்த செக் நாட்டுக்காரர்கள், பழைய மாணவி, புற்றுநோயோடு போராடும் பழைய தோழி என்று பலர் வருகிறார்கள், அறிமுகமின்றி. தன் மனைவியை வைத்துச் சண்டைக்கு வரும் செக் நண்பனின் பகுதி கூர்மை. செக் பெண்ணின் நீண்ட தன்கதை அப்படியல்ல. அதில் ராத் கேட்பவனாக மட்டும் உட்கார்ந்துவிட, உரையாடல் தனிப்பேச்சாகிக் காற்று இறங்கிவிடுகிறது. சேரவே முடியாத ஒரு குரல் திடீரென்று வந்தால் குழம்ப வேண்டாம், அத்தியாயம் மாறிவிட்டது என்று பொருள்.

பெண்களை வெறுப்பதாகப் பிலிப் மேல் வழக்கு நடப்பதுபோல் அவனும் காதலியும் நடித்துப் பார்க்கும் இடம் பிரபலம். சிரிப்பு வரும். ஆனால் வழக்கின் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. எதிர்க்கட்சி வாதத்தைப் பிரதிவாதியே எழுதிக்கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

நாவலின் முதுகெலும்பு மனைவி வரும் பகுதி. பிலிப்பின் குறிப்பேடு அவள் கையில் சிக்குகிறது. அதில் இருக்கும் பெண் யார் என்று கேட்கிறாள். கற்பனை என்கிறான் அவன். எழுதப்போகும் நாவலுக்காகத் தானே கட்டிக்கொண்ட பேச்சு என்கிறான். அதுவரை நாம் படித்த அத்தனை பக்கமும் இந்த ஒரு பதிலில் ஆட்டங்காணுகிறது. அந்தப் பெண் உண்மையா, குறிப்பேட்டின் பெண்ணா? ‘என்றாள்’ என்று ஒரு கதைசொல்லி சாட்சி சொல்லியிருந்தால் நமக்கு ஒரு பிடி இருந்திருக்கும். சாட்சியை முன்பே அனுப்பிவிட்டார் ராத். நாவல் முழுக்க உரையாடலாக இருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான்; உத்திக்காக உத்தி இல்லை. கணவன் மனைவிக்குச் சொல்லும் பொய்யும், நாவலாசிரியன் வாசகனுக்குச் சொல்லும் பொய்யும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். பேச்சில் மட்டும்தான் அது முடியும்.

வெளியுலகில் இதற்கு ஒரு வால் உண்டு. ராத்துடன் வாழ்ந்து அதே 1990இல் அவரை மணந்த நடிகை கிளேர் ப்ளூம், 1996இல் வந்த தன் நினைவுக்குறிப்பில், கையெழுத்துப் பிரதியில் மனைவியின் பெயர் கிளேர் என்றே இருந்ததாகவும், தான் சண்டை போட்டு அதை நீக்க வைத்ததாகவும் எழுதியிருக்கிறார். அச்சான புத்தகத்தில் மனைவிக்குப் பெயரில்லை. கணவன் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டான்.

குறைகளில் பெரியது, எல்லோருக்கும் ஒரே நாக்கு. செக் நாட்டுக்காரர்களின் ஆங்கிலத்தை ராத் கவனமாக உடைத்துக் காட்டுகிறார். மற்றவர்கள் கோபத்திலும் அழுகையிலும்கூட ராத்தைப்போலவே சாமர்த்தியமாகப் பேசுகிறார்கள். உரையாடலை மட்டும் நம்பிய நாவலில் இது சின்னக் குறை அல்ல. மனைவிக்குக் கொடுத்த இடமும் குறைவு. இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பேச விட்டிருந்தால் அந்தச் சண்டை இவ்வளவு சுலபமாக அவன் பக்கம் சாய்ந்திருக்காது.

எதை முன்னால் படிப்பது? ராத்தின் முந்தைய நாவல் ‘த கவுண்டர்லைஃப்’ (1986). அதில், ராத்தின் பல நாவல்களில் வரும் கற்பனை எழுத்தாளன் சுக்கர்மனின் ஆங்கிலேய மனைவி மரியாவைத் தெரிந்துகொண்டு வந்தால், இந்த நாவலில் சுக்கர்மன் பெயர் அடிபடும் இடங்களெல்லாம் திறக்கும். படிக்காமலும் வரலாம்; பாதி நகைச்சுவை நழுவிப்போகும். லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வெளியிட்ட 1986–1991 தொகுதியில் இரண்டும், ‘த ஃபேக்ட்ஸ்’, ‘பேட்ரிமனி’ ஆகியவற்றோடு ஒரே கட்டில் இருக்கின்றன. கனத்த புத்தகம், பேருந்துக்கு ஆகாது. ‘டிசெப்ஷன்’ மட்டும் போதும் என்றால் வின்டேஜ் பேப்பர்பேக். ஓரிரண்டு அமர்வில் முடித்துவிடுவது நல்லது; ஒரு வாரம் இழுத்தால் குரல்கள் மறந்து, மறுபடி எண்ண வேண்டிவரும்.

பிரெஞ்சு இயக்குநர் ஆர்னோ டெப்லஷான் 2021இல் இதைப் பிரெஞ்சில் படமாக்கினார். லண்டன்காரியும் அமெரிக்கனும் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள்; அந்த முரண் பழகிவிடும். நடிகை லேயா சேடூ காதலியாக அழகாகச் செய்திருக்கிறார். ஆனால் முகம் வந்துவிட்டது. யார் பேசுவது என்ற கேள்வி முதல் ஷாட்டிலேயே போய்விடுகிறது. புத்தகத்துக்குப் பிறகு பார்க்கலாம், முன்னால் வேண்டாம்.

கடைசிப் பகுதி ஒரு தொலைபேசிப் பேச்சு. அவன் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டான். அவன் எழுதிய புத்தகத்தில் தன்னைக் கண்டுகொண்டவளின் மனக்குறை கடல் தாண்டி வருகிறது. அங்கே பென்சில் தேவைப்படாது. யார் பேசுவது என்று ஒவ்வொரு வரியிலும் தெரியும்.