விளம்பரத்தில் தோற்கிற "சாதாரண பவுடர்": பாவித்த அனுபவம்

டிவி விளம்பரங்களில் பெயர் மறைத்த பக்கற்றோடு வந்து, எந்தக் கறையையும் போக்காமல் தோற்றுப்போகுமே ஒரு "சாதாரண பவுடர்", சில வருசமாக எங்கள் வீட்டில் பாவிப்பது அதைத்தான். கல்முனையில் ஒரு கடையில் உரப்பையிலிருந்து அள்ளி, நிறுத்து, சொப்பிங் பையில் கட்டித் தருவார்கள். "இது என்ன பவுடர் நானா?" என்று ஒருநாள் கேட்டேன். "உடுப்புக் கழுவுற பவுடர்தான் தம்பி" என்றார். இவ்வளவு உண்மையாக எந்த விளம்பரமும் பேசியதில்லை.

வயலுக்குக் கட்டிப்போன சாரத்தின் சேறு கொஞ்சநேரம் ஊறினாலே போய்விடும். மீன் வாடைக்கு இரண்டாம் தரம் போடவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணி சவர் என்பதால் நுரை குறைவு, ஆனால் நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை, அலசுகிற தண்ணிதான் மிச்சம்.

மஞ்சள் கறைதான் விளம்பரக்காரருக்குப் பிடித்த ஆயுதம். சேர்ட்டில் குழம்பை ஊற்றுவார்கள், சாதாரண பவுடரில் முக்கினால் அப்படியே இருக்கும், தங்கள் பவுடரில் முக்கினால் மாயமாகிவிடும். வீட்டில் நடப்பது வேறு. பவுடர் பட்டதும் கறை முதலில் சிவக்கும், ஏனென்றால் மஞ்சளுக்கு நிறம் தருகிற குர்க்குமின், பவுடரில் இருக்கிற காரத்தன்மை பட்டால் சிவப்பாகும், பயப்படத் தேவையில்லை. அலசி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெளிச்சத்தில் குர்க்குமின் சிதைந்துவிடும், பின்னேரம் கொடியால் எடுக்கும்போது கறையின் சாயல்தான் இருக்கும். எந்த விளம்பரத்திலாவது உடுப்பை வெயிலில் போட்டுவிட்டு ஒப்பிட்டார்களா?

வெள்ளை விசயத்தில் மட்டும் நம்முடையது தோற்கும். கடையில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைட்டின் கீழே என் சேர்ட் கையை நீட்டிப் பார்த்தேன், மங்கலாக இருந்தது. பக்கத்தில் நின்ற, கம்பனி பவுடரில் கழுவுகிற மச்சானின் சேர்ட் நீலமாகப் பளிச்சென்று மின்னியது. அழுக்குப் போனதால் வருகிற மினுக்கம் இல்லை அது. கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பிவிடுகிற ஒரு சாயம்.

ஒப்பீட்டு விளம்பரங்களில் நான் நினைத்து நினைத்துச் சிரிப்பது 2010இல் இந்தியாவில் வந்த ரின் விளம்பரத்துக்குத்தான். டைட் பக்கற்றை மறைக்காமலே காட்டி, இரண்டு பிள்ளைகளின் சேர்ட்டை ஒப்பிட்டு, டைட் பாவிக்கிற தாயைப் பார்த்து, "அன்ரி ஏன் திடுக்கிட்டா?" என்று ரின் வீட்டுப் பிள்ளையையே கேட்க வைத்தார்கள். கல்கத்தா உயர்நீதிமன்றம் நிறுத்தச் சொல்லிவிட்டது. சரி, பெயர் சொல்லாமல் அடித்தால்? 2004இல் கோல்கேட் பல்பொடி விளம்பரம் சிவப்புப் பல்பொடியைப் பொதுவாக மட்டம்தட்ட, அந்தப் பொடியை விற்கிற டாபர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. உரப்பைப் பவுடருக்காகக் கோட்டுக்குப் போக ஒருவரும் இல்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

குறையும் இருக்கிறது. என்ன கலந்தது என்று பார்க்க லேபல் இல்லை, கூட நேரம் கசக்கினால் கை எரியும். குழந்தை உடுப்புக்கு வேண்டாம். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை முதலில் ஓரத்தில் நனைத்து சாயம் போகிறதா என்று பாருங்கள். மாரியில் கட்டிபட்டுவிடும், மூடி இறுக்கமான போத்தலில் போட்டு வையுங்கள்.