கரப்பானை ‘நிரந்தரமாக’ ஒழிப்பதாகச் சொல்லி ₹4,800 வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று இரவு அரிசிப் பானையின் மூடியைத் திறந்தேன். விளிம்பிலிருந்து நான்கு கரப்பான் குஞ்சுகள் ஓடின. ₹4,800 கொடுத்து, ‘ஒரு வருடத்துக்கு ஒன்றுகூடத் தலைகாட்டாது’ என்று வாக்கு வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. இரவெல்லாம் தூங்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், கரப்பானை ஒழிக்கும் சரியான வழியையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கம். இரண்டு பருவமழையும் பெய்கிற மண், அடுக்களைச் சுவரில் எப்போதும் ஈரம். பாச்சா உருண்டை, சாக்குக்கட்டி மருந்து எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். தவழுகிற குழந்தையோடு மகள் வரப்போகிறாள் என்பதால், வீட்டுச் சேவைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கைப்பேசிச் செயலியில் ₹99 கட்டிப் பதிவு செய்தேன். ‘நிரந்தரத் தீர்வு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வந்தவனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். சொல்லாமலே செருப்பை வெளியே கழற்றினான். கேஸ் சிலிண்டரை என்னைத் தொடவிடாமல் தானே நகர்த்தினான். கருப்பட்டிக் காப்பி கொடுத்தபோது, “வேலை முடியட்டும் அம்மா” என்றான். குழந்தை வரும் வீடு என்று சொன்னதும், மருந்தில் ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டு முகர்ந்து காட்டினான். “மூலிகைதான் அம்மா. என் அக்காள் பிள்ளை இருக்கிற வீட்டிலும் இதைத்தான் அடித்தேன்.” அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். அது லேபிள் இல்லாத வெள்ளைக் கேன் என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

“செயலி வழியாகக் கட்டினால் ₹6,500 ஆகும் அம்மா, என் எண்ணுக்கே அனுப்பினால் ₹4,800 போதும், மூன்று தடவை வந்து அடிப்பேன்” என்றான். அனுப்பிவிட்டேன். ஒரு ரவிக்கைக்கு ₹120 தையல் கூலி வாங்குகிறவள் நான். ₹4,800 என்றால் 40 ரவிக்கை.

மூன்றாம் நாளே படுக்கையறையில் கரப்பான் நடமாடியது. இதுவரை அங்கே பார்த்ததில்லை. அழைத்தேன். “மருந்து வேலை செய்தால் முதலில் வெளியே வரத்தான் செய்யும், பத்து நாள் பொறுங்கள்.” பத்து நாள் கழித்து, “மழை ஈரத்தில் மருந்து பிடிக்காது.” அதற்குப் பிறகு, “நீங்கள் தரையைத் துடைத்திருப்பீர்கள்.” இப்போது எடுப்பதே இல்லை. செயலிக்காரர்களிடம் இரண்டு நாள் போராடி ஒரு பெண்ணிடம் பேச முடிந்தது. “எங்கள் கணக்கில் ₹99தான் வந்திருக்கிறது, மீதிக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்றாள். ஆளை அனுப்பியது நீங்கள்தானே என்றேன். “அவர் எங்கள் ஊழியர் இல்லை, பங்காளர்” என்றாள். அன்று மாலையே என் புகாருக்கு எதிரே ‘தீர்வு காணப்பட்டது’ என்று போட்டு மூடிவிட்டார்கள். என்ன தீர்வு? யாருக்குத் தீர்வு?

பள்ளி விடுதிகளில் பல வருடம் இந்த வேலை பார்த்த ஒரு பெரியவர் வந்து பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்தது. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு உள்ள சின்னக் கரப்பான் இது. பெண் கரப்பான் முட்டைக் கூட்டைக் குஞ்சு பொரியும் நேரம் வரை தன் வயிற்றின் பின்நுனியிலேயே சுமந்து திரியும். ஒரு கூட்டில் 30, 40 முட்டை இருக்கும். தெளிக்கும் மருந்து அந்தக் கூட்டுக்குள் சரியாக இறங்காது, அதனால் ஒரே தடவை அடித்து முடிகிற காரியம் இல்லை. செயலி வழியாக வந்தவன் அலமாரிக் கீல்களில் ஜெல் மருந்தும் வைத்தான். அதைக் கரப்பான் தின்ன வேண்டும், தின்றது செத்தால் மற்றவை அதன் எச்சத்தையும் உடலையும் தின்று சாகும். ஆனால் ஜெல் வைத்த கால் மணி நேரத்தில் அதே இடத்தில் மருந்தைத் தெளித்தான். அந்த வாடையில் கரப்பான் ஜெல்லை அண்டாது, மற்ற அறைகளுக்குத்தான் சிதறி ஓடும். அவனுக்குத் தொழிலே தெரியவில்லை.

வழி சொல்கிறேன் என்றேன், விரிவாக எழுத இப்போது மனம் நிலையாக இல்லை. இதையாவது கவனியுங்கள். பணத்தைத் தனியாள் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். கேனில் லேபிளும், நச்சின் கடுமையைக் காட்டும் வண்ணச் சாய்சதுரமும் இருக்கிறதா என்று பாருங்கள். கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும், கேளுங்கள். ஜெல் வைத்த இடத்தில் எதையும் தெளிக்க விடாதீர்கள். இரவில் தொட்டியிலும் குழாயடியிலும் ஈரம் நிற்கக் கூடாது, கடையிலிருந்து வரும் அட்டைப் பெட்டியை அடுக்களைக்குள் வைக்கக் கூடாது.

காலையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். ₹4,800ஐ விடப் போவதில்லை. சனிக்கிழமை மகள் வருகிறாள். லேபிள் இல்லாத அந்த மருந்து தெளித்த தரையில் குழந்தையை எப்படித் தவழ விடுவேன் என்றுதான் தெரியவில்லை.