நிமோனியா ஊசி போடப் போன இடம்: ஊசிக்கு 5 ஸ்டார், கவுண்டருக்கு 1 ஸ்டார்

எனக்கு எச்ஐவி, மருந்து எடுக்கத் தொடங்கி 6 வருசம், வைரஸ் இப்ப டெஸ்ட்ல பிடிபடாத அளவுக்கு அடங்கிட்டு. ஆனா மருந்து ஒழுங்கா எடுத்தாலும் நிமோனியா கொண்டுவாற நியூமோகோக்கஸ் கிருமி எங்களப் பிடிக்கிற சான்ஸ் மத்தாக்களை விடக் கூடத்தானாம், நெஞ்சோட நிக்காம ரத்தத்துக்கும் மூளைக்கும் போகக்கூடிய கிருமி, அதால ஊசியப் போட்டிருங்க எண்டு என்ட கிளினிக் டொக்டர் துண்டு எழுதித் தந்தவர். அதோட டவுன்ல உள்ள ஒரு பிரைவேட் இடத்துக்குப் போனன், பேர் போடேல்ல.

கவுண்டர்ல இருந்த தம்பி துண்ட வாசிச்சிட்டு "இந்த வயசில ஏன் அண்ண இந்த ஊசி, என்ன வருத்தம்?" எண்டு முழு வரிசைக்கும் கேக்கிற மாதிரிக் கேட்டான். திருமலை என்ன கொழும்பா? எனக்குப் பின்னால நிண்டவ உப்புவெளியில எங்கட பெரியம்மாட பக்கத்து வீடு. "டொக்டர் சொன்னவர் தம்பி" எண்டு சமாளிச்சிட்டு வேர்த்து ஊத்தப் போய் இருந்தன்.

உள்ளுக்கு ஊசி போடுற மிஸ் (நர்ஸ்) தங்கம். கதவைச் சாத்திட்டுத்தான் கதைச்சா. பிரிஜ்ஜத் திறக்கேக்க தெர்மாமீட்டர நானும் எட்டிப் பாத்தன், 4 டிகிரி (2க்கும் 8க்கும் இடையில இருக்கோணும்). சிரிஞ்சுக்குள்ள அடியில வெள்ளையா மண்டி மாதிரி படிஞ்சு கிடந்திச்சு, பழுதாப் போன மருந்தோ எண்டு நெஞ்சு திக்கெண்டிச்சு. "பிசிவி 13 எண்ட இந்த ஊசி மருந்து இப்பிடித்தான் படியும், குலுக்கினாச் சரி, அதுக்குப் பிறகும் கட்டியா நிண்டாத்தான் போடக்கூடாது" எண்டு சொல்லி நல்லாக் குலுக்கினா, பால் மாதிரி வந்திட்டு. எக்ஸ்பயரி திகதியையும் காட்டிட்டுத்தான் இடது தோள்ல போட்டா. ராவைக்கு லேசாக் காய்ச்சல், ஒரு பனடோல். அடுத்த நாள் கிண்ணியாவுக்கு பைக்ல போகேக்க கிளட்ச் பிடிக்கிற கை எண்டதால ஒவ்வொரு கியருக்கும் அம்மா எண்டு கத்தினதுதான் மிச்சம்.

இப்ப பெரிய குறை. ஊசிக் கார்ட்ல அடுத்த ஊசிக்கு ஒரு வருசம் தள்ளி திகதி போட்டுத் தந்திட்டாங்க, வேற வருத்தமில்லாத வயசானாக்களுக்குப் போடுற கணக்கு அது. எங்களுக்கு பிசிவி 13 போட்டு ஆகக் குறைஞ்சது 8 கிழமை கழிச்சு பிபிஎஸ்வி 23 (அதே கிருமிக்குப் போடுற ரெண்டாவது ஊசி) போடலாம், சிடி4 (ரத்தத்தில உள்ள எதிர்ப்புச் சக்திச் செல் கணக்கு) 200க்குக் கீழ இருந்தா அது ஏறுமட்டும் அந்த ரெண்டாவத மட்டும் பொறுப்பாங்க, முதல் ஊசிக்கு அந்தக் கணக்கில்ல. எனக்கு சிடி4 400க்கு மேல, பிறகு ஏன் வருசக்கணக்கில காத்துக்கொண்டு இருக்கோணும்? என்ட டொக்டருக்குக் கோல் எடுத்துத்தான் திகதிய மாத்தினன். அந்தக் கிருமியிட 20 வகைக்குப் போடுற புது ஊசி பிசிவி 20 எண்டா ஒண்டோட முடிஞ்சிரும், ஆனா இவங்களிட்ட அது இல்ல.

விலை கூடத்தான், காசைக் கையில வச்சுக்கொண்டு போங்க. ஸ்டொக் இருக்கோ எண்டு முதல்லயே கேளுங்க, எந்த ஊசி எண்டு பேர் சொல்லிக் கேளுங்க, "நிமோனியா ஊசி" எண்டு மட்டும் கேட்டா எல்லாத்துக்கும் "ஓம் இருக்கு" எண்டுதான் சொல்லுவாங்க.

ரெண்டாவதுக்கும் அங்கதான் போவன், அந்த மிஸ்ஸுக்காக. கவுண்டர்ல அந்தத் தம்பி நிண்டா மட்டும் டவுன் ரோட்டில திரியிற மான்களப் பாத்துக்கொண்டு நிண்டிட்டு, அவன் சாப்பிடப் போன பிறகு உள்ளுக்குப் போவன்.